நல்லமுத்து எழுதிய முதல் உறுதி

“பலா மரம் எனக்குத்தான்னு எழுதுங்க தம்பி. இல்லாட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

மேசையின் இடப்பக்கம் இருந்த பொன்னையா குடைக் காம்பால் தரையைத் தட்டினார்.

“காணிய வித்துட்டு மரத்த மட்டும் எப்படி வச்சுக்குவாராம்? அந்த ஆள்கிட்ட கேளுங்க.” வலப்பக்கம் இருந்த சீதாலெட்சுமி, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

நடுவில் நல்லமுத்து பேனாவும் கையுமாக முழித்தான்.

ஹட்டன் கடைத்தெருவில் நொத்தாரிசு மயில்வாகனத்திடம் உறுதி எனும் காணிப் பத்திரம் எழுதப் பழக வந்தவன் அவன். இத்தனை நாளும் பழைய உறுதிகளைப் பார்த்துப் பிரதி எடுத்ததோடு சரி. சொந்தமாக யோசித்து எழுதும் முதல் உறுதி இதுதான். கொத்மலைப் பக்கம் பொன்னையாவின் காணியில் ஒரு பகுதியைச் சீதாலெட்சுமி வாங்குகிறார். வந்ததிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“இன்னைக்கு நான் வாயே தொறக்க மாட்டேன்,” என்று காலையிலேயே சொல்லிவிட்டார் மயில்வாகனம். “ரெண்டு பேரும் மனசு ஒத்து சம்மதிக்கிற மாதிரி எழுதணும். கட்சிக்காரங்ககிட்ட கோவப்பட்டியோ, அடுத்த ரயில்லயே வட்டகொடைக்குப் போயிரு. ஒங்கப்பா மாதிரி தோட்டத்துலயே கணக்கப்பிள்ளையா இரு.” சொல்லிவிட்டுப் பத்திரிகையோடு உள் அறைக்குள் போய் உட்கார்ந்தவர்தான்.

நல்லமுத்து தொண்டையைச் செருமினான். “ஐயா, மரம் காணியோடதான் போகும். வேணும்னா, நீங்க இருக்குற காலம் வரைக்கும் காய்க்கிறதுல பாதி ஒங்களுக்குன்னு எழுதிடலாம்.”

“எந்தப் பாதி? ஒசரத்துல காய்க்கிறத என் தலையில கட்டிட்டா, நான் மரம் ஏறிக்கிட்டு இருக்கவா?”

“ஏறட்டுமே. யாரு வேணாங்கிறது?” என்றார் சீதாலெட்சுமி ஜன்னலிடம்.

“சரிங்க. ஒரு வருஷக் காய் ஐயாவுக்கு, மறு வருஷக் காய் அம்மாவுக்கு.”

இருவரும் யோசித்தார்கள். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். நல்லமுத்து அடித்துவிட்டுத் திருப்பி எழுதினான்.

அடுத்தது பாதை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு, பொன்னையாவின் மிச்சக் காணி வழியாகத்தான் போக வேண்டும்.

“பாதை விடறேன். ஆனா அந்தம்மா வாய மூடிக்கிட்டு நடக்கணும்னு எழுதுங்க.”

“அந்த ஆளு பாதையில வெத்தலை எச்சில் துப்பக்கூடாதுன்னும் எழுதுங்க.”

நல்லமுத்துவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டையும் விழுங்கினான். “‘ஒருவருக்கொருவர் இடைஞ்சல் செய்யாமல் பாவிக்கக் கடவர்’னு எழுதிட்டா, பேச்சும் அதுல அடங்கிடும், எச்சிலும் அதுல அடங்கிடும்.”

உள் அறையில் பத்திரிகை ஒரு தரம் சரசரத்தது.

தேத்தண்ணி வந்தது. “அந்த ஆளுக்குச் சீனி போட்டது வேணாம்,” என்று ஒரு கோப்பையைத் தள்ளி வைத்தார் சீதாலெட்சுமி. தேத்தண்ணியில்கூடவா வஞ்சம் என்று நினைத்துக்கொண்டான் நல்லமுத்து.

ஒருவழியாக நல்ல தாளில் மணிமணியாக எழுதி முடித்தான். எல்லைகள், மரம், பாதை, எல்லாம் சரி. மை காயட்டும் என்று மேசையில் வைத்தான். சீதாலெட்சுமி கையை நீட்டினார். அப்போதுதான் சுடச்சுட வந்த இரண்டாவது கோப்பை கவிழ்ந்தது. தேத்தண்ணி அத்தனையும் தாளின் மேல்.

“கை பட்டுடுச்சு,” என்றார், ஏதோ ஈயை விரட்டியவர் மாதிரி.

நல்லமுத்துவின் காது மடல் சிவந்தது. கோபம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. கீழே ஸ்டேசனில் ரயில் ஊதியது. வட்டகொடைப் பக்கம் போகிற ரயில்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை ஒரு நிமிஷம் மூடித் திறந்தான்.

“சுடுதண்ணியாச்சேம்மா, கையில பட்டுடுச்சா?”

சீதாலெட்சுமி ஜன்னலை விட்டு, முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார். பொன்னையாவின் குடையும் தட்டுவதை நிறுத்தியிருந்தது.

ஈரத்தைத் துடைத்துவிட்டு, புதுத் தாள் எடுத்து, முதல் எழுத்திலிருந்து மறுபடி எழுதினான். இந்த முறை யாரும் குறுக்கே பேசவில்லை. எழுதி முடித்து உரக்க வாசித்துக் காட்டினான்.

“எனக்குச் சம்மதம்,” என்றார் பொன்னையா.

“எனக்கும்,” என்றார் சீதாலெட்சுமி.

நல்லமுத்துவுக்கு நம்ப முடியவில்லை. உள் அறைப் பக்கம் திரும்பி, “ஐயா! ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க! சாட்சிக்கு ஆள் கூப்பிடவா?” என்று கத்தியேவிட்டான்.

மயில்வாகனம் வெளியே வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். “என்னம்மா, பையன் பொறுமைசாலின்னு நான் சொன்னது சரிதானே?” என்று சீதாலெட்சுமியைத்தான் கேட்டார்.

சீதாலெட்சுமி எழுந்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பொன்னையாவின் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, வர்ற வெள்ளிக்கிழமையே வட்டகொடைக்குப் போயி இந்தத் தம்பியோட அப்பா அம்மாகிட்ட பேசிடுவோம்.”

நல்லமுத்துவின் கையிலிருந்து பேனா நழுவியது. “அப்போ... அந்தக் காணி?”

“காணியுமில்ல, பலா மரமும் இல்ல மாப்பிள்ளை,” என்று அவன் தோளில் கை வைத்தார் பொன்னையா. “எங்களுக்கு இருக்குறது ஒரே ஒரு மக, கோவத்துல அவங்கம்மாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கா!”