அந்தக் காலத்துப் படம்

"இப்ப வர்றதெல்லாம் ஒரு படமா, வீஜே?"

லுப்வாமா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். "கார் பறக்குது, கட்டடம் இடியுது. ஒரு பயலுக்குக் கண்ணுல தண்ணி வருதா? அந்தக் காலத்துப் படத்துல மனுஷன் இருந்தான்யா."

கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம். பின்னால் அவன் மகள் நல்வோகா. மசாகாவில் ஆங்கில ஆசிரியை, விடுமுறைக்கு வந்திருந்தாள். படம் என்றால் என்ன என்று அவளுக்குக் காட்டப்போகிறானாம். அதற்காக அந்தப் பழைய சீன வாள்சண்டைப் படத்தைப் போடச் சொல்லி ஒரு மாதமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

கலெர்வே சந்தைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீடியோக் கொட்டகையில் நான்தான் வீஜே. படம் ஓட ஓட மைக்கைப் பிடித்து எங்கள் லுகாண்டா மொழியில் வசனம் சொல்பவன்.

எனக்குச் சீன மொழி தெரியாது. அது யாருக்கும் ஒரு குறையாகப் பட்டதில்லை. அழுதால் சோகம், வாளை உருவினால் சவால். மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

லுப்வாமா பைக் டாக்சி ஓட்டுகிறவன். படிப்பு முடியும் முன்பே வயிற்றில் பிள்ளையோடு வந்து நின்ற இதே மகளை வெளியே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டவன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இங்கே இந்தப் படத்தைப் பார்த்தான். மறுநாள் விடியற்காலையில் பைக்கிலேயே மசாகா வரை போய், அவள் அத்தை வீட்டு வாசலில் அழுது, அவளை அழைத்துக்கொண்டு வந்தான்.

"என்னைத் திருத்தினது அந்தப் படம்" என்று ஊரெல்லாம் சொல்லுவான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

பழைய கேசட் எப்போதோ பூஞ்சை பிடித்துப் போயிற்று. கடையில் பென் டிரைவில் ஏற்றித் தந்த புதுப் பிரதியை நான் முன்கூட்டிப் போட்டுப் பார்க்கவில்லை. எத்தனை தடவை சொன்ன படம்!

முதல் காட்சியிலேயே திரையின் அடியில் வசனத்தின் அர்த்தம் ஆங்கில எழுத்தில் ஓடியது.

மற்றவர்கள் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. அவர்கள் காது என்னிடம், கண் வாளிடம். நல்வோகா மட்டும் படித்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷமாக நான் வில்லன் என்று திட்டிக்கொண்டிருந்தவன் ஊர் வைத்தியனாம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வியர்த்துக் கொட்டியபடி திட்டிக்கொண்டே போனேன். வேறு வழி?

கடைசிக் காட்சி வந்தது. நெஞ்சில் வாளோடு கிடக்கிறான் கிழவன். எதிரிகளோடு போய்ச் சேர்ந்த மகள் ஓடிவந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொள்கிறாள். அவன் கண்ணில் நீர். உதடு அசைகிறது.

லுப்வாமா முன்னால் சாய்ந்தான். அவன் உதடும் அசையத் தயாராக இருந்தது. என் வசனம் அவனுக்கு மனப்பாடம்.

திரையின் அடியில் எழுத்து ஓடியது: எனக்கு மகளே கிடையாது. என் பிணத்தைக்கூட நீ தொடாதே.

மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டேன்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் சொல்வதையே சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து மெத்தையைத் தலைல சுமந்துக்கிட்டு என்கிட்டதானே வந்தே, மகளே. அந்த மெத்தையைத் தூக்கி மழையில எறிஞ்சேனே, பாவி! எறிய வேண்டியது என் கோபத்தை. என்னை மன்னிச்சிரும்மா."

இங்கே சொந்த மெத்தையைச் சுமந்து பள்ளி விடுதிக்குப் போகாத பிள்ளை குறைவு. வாள் சண்டைக்குள் மெத்தை எப்படி வந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கண்ணைத் திறந்தபோது லுப்வாமா தேம்பிக்கொண்டிருந்தான். நல்வோகா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்தது.

"பாத்தியா? இப்ப எடுக்கிறானா எவனாவது இப்படி?" என்றான் லுப்வாமா, சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எடுக்கிறதில்லப்பா" என்றாள் அவள்.

அவன் பைக்கைக் கிளப்பப் போனான். அவள் போகவில்லை. நான் மைக் வயரைச் சுற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். வகுப்பில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருந்தது.

"அப்பாகிட்ட சொல்ல மாட்டேன் ஐயா, பயப்படாதீங்க" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். எங்கப்பா கதவைத்தான் பூட்டினாரு, எதையும் எறியல. படத்துலயும் மெத்தை இல்ல. அப்ப அது யாரோட மெத்தை?"

பொய் சொல்லத் தெரிந்த வாய்தான். அப்போது பார்த்து உண்மை வந்துவிட்டது.

"என் மகளோடது."

அவள் முகம் இளகிவிட்டது. "எவ்வளவு அழகா மன்னிப்புக் கேட்டிருக்கீங்க! அவங்க என்ன சொன்னாங்க?"

இன்றைக்குத் திரையின் அடியில் எழுத்தாக ஓடியதைத்தான், பதினேழு வருஷத்துக்கு முன்னால், கொட்டும் மழையில் என் வாசலில் நின்று என் மகளிடம் சொன்னேன். மைக்கில் சொன்னதை அவளிடமே சொல்வதென்றால் டாக்சி வேனில் நான்கு நிறுத்தம் போக வேண்டும்; இதுவரை போனதில்லை.

வெளியே லுப்வாமா ஹாரன் அடித்தான். நல்வோகா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"அவ படம் பார்க்கிறதில்லம்மா" என்றேன்.