தெரியும் சார்

அன்று காலை ஜெனிஸ் மூன்று பொய் சொன்னான். மூன்றுக்கும் நான் கை தட்டினேன்.

செங்கல் என்ற ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில் இன்டர்வியூ ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் கம்பெனி அதிகாரியாகப் பக்கத்து வீட்டு ஷிஜு. இந்தப் பக்கம், முதல் முறையாக டை கட்டிய என் மகன், சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம்.

“ஹிந்தி தெரியுமா?”

“தெரியும் சார்.”

“பத்துப் பேரை வச்சு வேல வாங்கியதுண்டா?”

“உண்டு சார்.”

“கோபம் வருமா?”

“வரவே வராது சார்.”

ஷிஜுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “மாமி, நேத்து சாம்பார்ல உப்பு கூடினதுக்கு கேன்டீன்காரனிட்ட சண்டைக்குப் போனவனாக்கும் இவன்!”

“எலே, நீ ஆபீசராக்கும். ஒழுங்கா இரி” என்றான் ஜெனிஸ்.

கல்லூரியில் வாரத்தில் இரண்டு நாள், வகுப்பு முடிந்த பிறகு, ரெஜி சார் வேலைக்கான பயிற்சி கொடுத்தார். குழுவாகப் பேசுவது, கை கொடுப்பது, கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது. “‘தெரியாது’ என்ற சொல்லைச் செருப்போடு வாசலில் கழற்றிப் போடுங்கள். தெரியும் என்று சொல்லுங்கள், பிறகு படித்துக்கொள்ளுங்கள்” என்பது அவருடைய விதி. அங்கன்வாடிப் பிள்ளைகளிடம் நானும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்வேன். அதனால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

“வேற என்ன கேப்பாங்க மக்கா?” என்றேன்.

“விளையாட்டு பத்திக் கேப்பாங்க மாமி. இவன் என்னத்தச் சொல்லுவான்? நாங்க எல்லாரும் குளத்துல சாடி நீந்தும்போ இவன் படியில இருந்து எங்க துணிக்குக் காவலாக்கும்!”

ஜெனிஸ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று நான் எழுந்துகொண்டேன்.

சாயங்காலம் ஓடிவந்தான். “அம்மா, கிட்டிப்போச்சு! பாலம் கட்டுற கம்பெனி. தங்க ரூமும் உண்டு.”

அவன் அப்பா நார்பர்ட் கோட்டுகால் பக்கம் கடலில் வள்ளம் கவிழ்ந்து இறந்துபோனபோது இவனுக்கு மூன்று வயது. அலைச் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துத்தான் இவனைத் தூக்கிக்கொண்டு செங்கலுக்கு வந்தேன். பாலம் என்றதும் சிமென்ட், கம்பி, வெயில் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் மாதம் பாறசாலையில் ரயில் ஏறினான். “கிறிஸ்மஸுக்கு வாறேன்” என்றான்.

பதினெட்டாம் நாள் போன் வந்தது. அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் யாரோ வேகமாகப் பேசினார்கள். பாதியில் ஷிஜுவிடம் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே வந்தவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பாலம், கடலோடு சேரும் ஓர் ஆற்றின் குறுக்கே. நடு ஆற்றில் நின்ற தூணில் படகிலிருந்து ஏறும்போது ஜெனிஸுக்குக் கால் வழுக்கியிருக்கிறது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ரெஜி சார் வந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர உட்காரவில்லை.

“சேச்சி, அன்னைக்கு இன்டர்வியூ ரூம்ல நானும் இருந்தேன். நீந்தத் தெரியுமான்னு கேட்டாங்க. ஜெனிஸ் வாயத் தொறக்கல்ல. ஃபாரத்துல அப்பா வேல மீன்பிடின்னு கண்டதும் அந்த ஆபீசர் சிரிச்சிட்டாரு. ‘கடப்புறத்துப் பையனிட்ட இதக் கேக்கணுமா’ன்னு அவரே ‘தெரியும்’னு எழுதிட்டாரு. நானும் கூடச் சிரிச்சேன்.”

ரெஜி சார் சுவரில் இருந்த ஜெனிஸின் படத்தைப் பார்த்தார்.

“தெரியாதுன்னு சொல்லப்படாதுன்னு படிப்பிச்சவன் நான். அந்த ஒத்தச் சொல்ல அவன் சொல்லியிருந்தா இன்னைக்கு உசுரோட இருப்பான்.”

ஷிஜு பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். “மாமி, இவராக்கும் அவனக் கொன்னது!”

நான் ஷிஜுவின் கையை எடுத்துவிட்டேன். ரெஜி சாரை உட்காரச் சொன்னேன். இத்தனை வருடம் பாதிரியாரிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

“நீச்சல் படிக்கமாட்டேன்னு அவனிட்ட சத்தியம் வாங்கினவ நானாக்கும், சார்.”