தூக்கிய கை

ஊர்க்கூட்ட மண்டபத்துக்குள் அவள் வந்தபோது சைலஸ் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

வலது கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது. குண்டடிபட்டபோது தூக்கிய கை. பனியில் கிடந்து உடம்பு அப்படியே விறைத்துவிட்டது. படுக்க வைக்க முடியாமல் சிப்பாய்கள் உட்கார வைத்திருந்தார்கள்.

அடப்பாவமே, அவள் புருஷனின் கண்ணைக்கூட யாரும் மூடிவிடவில்லை.

மாசச்சூசெட்ஸ் மலையோரத்து ஊர் அது. இங்கிலாந்து ராஜாவை விரட்டி நாலு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள், கடனுக்கு நிலத்தைப் பறிக்கிறதென்று, சொந்த அரசாங்கத்தின் கோர்ட்டையே மறிக்கப் போனார்கள், ஊர் ஆண்கள் அத்தனை பேரும். திரும்பி வராதவன் சைலஸ் ஒருத்தன்தான்.

"இவன் உங்க ஊர்க்காரன்னா, கூட வந்தவங்களும் இங்கதான் இருக்கணும். எல்லாரையும் விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போவேன்," என்றான் அரசாங்கப் படைத் தலைவன். "இல்லேன்னு சொல்லுங்க, பிணத்தை வழியில எங்கேயாவது தள்ளிட்டுப் போறேன்."

வழியில் எங்கேயாவது!

செத்த குழந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் அவள் அவனுக்கென்று இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

சைலஸின் தங்கை அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வாயைத் திறந்துடாதீங்க அண்ணி. என் வீட்டுக்காரரும் போனவருதான்."

சொல்லிவிட்டு முன் பெஞ்சைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடப் பிறந்தவள்தானே.

அந்த ஊரில் எதற்கும் ஓட்டுதான். வேலி போட ஓட்டு, பாதிரியாரை மாற்ற ஓட்டு. பெண்களுக்கு மட்டும் கிடையாது. கதவோரம் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

கூட்டம் நடத்தும் பெரியவர் ஓபதியா வேறு வழி தெரியாமல் எழுந்தார்.

"இந்த ஆள் நம்ம ஊர்க்காரன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஓபதியா வழக்கம்போல முன் பெஞ்சிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு."

சொன்ன பிறகுதான் யாரை எண்ணினோம் என்று அவருக்குப் புரிந்தது.

படைத் தலைவன் தொப்பியைக் கழற்றிவிட்டான், ஏனென்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஓபதியாவின் பார்வை பெஞ்சுகளைத் தாண்டி மெல்லக் கதவோரம் வந்தது. அங்கேயே நின்றது. முகம் வெளுத்துப் போனது.

"வேணாம்மா," என்று கெஞ்சினார். "இறக்கிடு."

அப்போதுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள். தன் கை எப்போது மேலே போனதென்று சத்தியமாக அவளுக்குத் தெரியாது.

இறக்கப் பார்த்தாள்.

இறங்கவில்லை.