கோடு போன பக்கம்

மாவட்ட நூலகத்தில் வழி கேட்கவே வேண்டாம். உள்ளே கால் வைத்தால், மனசு தேடுகிற இடத்துக்குத் தரையிலேயே ஒளிக்கோடு ஓடும். அதனால்தான் இப்போதெல்லாம் பெண் பார்ப்பதும் இங்கேதான். ஜாதகத்தைத் திருத்தலாம், தரையைத் திருத்த முடியாது என்கிறார் தரகர்.

"சமையல் புத்தகத்தையே நினைச்சுக்கோடி," என்று இதழினியின் காதில் கெஞ்சினாள் அம்மா சுகன்யா.

மாப்பிள்ளை வீட்டார் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, இதழினி கால் வைத்தாள். கோடு சமையல் பக்கம் கிளம்பி, தயங்கி, சட்டென்று திரும்பி வெளிவாசலுக்கு ஓடியது.

"என்னங்க இது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"மெஷின்ல ஏதோ கோளாறுங்க!" பதறிப்போய் மகளை இழுக்க சுகன்யாவும் தரையில் கால் வைத்தாள்.

அவள் காலடியிலிருந்தும் ஒரு கோடு கிளம்பியது. அதே வாசலுக்கு, மகளின் கோட்டை முந்திக்கொண்டு.