போட்டுக்கட்டும்

“சல்லிக்காசு கொடுக்க மாட்டேன். போடுறதுன்னா தாராளமா போட்டுக்கட்டும்” என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், கால்மேல் கால் போட்டபடி.

கடையின் பின்னறையில் கம்ப்யூட்டர் திரை செக்கச்செவேல் என்று இருந்தது. காலையில் எவனோ அனுப்பிய மெயிலை அவர் ஆசையாகத் திறந்தார். அதோடு உள்ளே இருந்த அத்தனைக்கும் பூட்டு விழுந்துவிட்டது. சாவி வேண்டுமானால் பணம் கட்டு என்று திரையில் ஒரு மிரட்டல்.

பூட்டுக்கு அங்கே யாரும் அசரவில்லை. மகள் அப்படிப்பட்டவள். தினமும் கடை சாத்தும்போது எல்லாவற்றையும் தனி டிஸ்கில் நகல் எடுப்பாள். எடுத்த கையோடு வயரைப் பிடுங்கி, டிஸ்கை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவாள். “ஊருல எல்லாரும் வயரைச் சொருகுவாங்க, எம்பொண்ணு பிடுங்குவா” என்று நேற்றுவரை கேலி பேசியவர், இன்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வார்த்தை மாறவில்லை. மீசையில்தான் முறுக்கு ஏறியிருந்தது.

வம்பு, மிரட்டலின் கடைசி வரியில் இருந்தது. ‘பகல் பன்னிரண்டு மணிக்குள் பணம் வராவிட்டால், எடுத்துச் சென்ற உங்கள் கோப்புகளை உலகமே படிக்கும்படி வெளியிடுவோம்.’

“ஐயையோ, கடைக்கு வர்றவங்க விவரமெல்லாம் போச்சா?” என்றான் மைத்துனன்.

“அதுக்கு நான் தனியா ரகசியப் பூட்டு போட்டிருக்கேன் மாமா. திருடினவன் தலைகீழா நின்னாலும் ஒரு எழுத்து படிக்க முடியாது. அப்பாவோட ‘சொந்தம்’ங்கிற போல்டருக்குத்தான் பூட்டு கிடையாது. போட்டுத் தரேன்னேன், வேண்டவே வேண்டாம்னுட்டார்” என்றாள் மகள்.

கடைக்காரரின் மனைவி திரும்பினாள். “சொந்தமா? அதுல என்ன இருக்கு?”

“என்னோடது.”

“சாப்பிட்ட கை காயுறதுக்குள்ள கணக்குப் பார்க்கணும்னு இங்க வந்து உட்கார்ந்தது இதுக்குத்தானா?”

கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

“என்னங்க, பொம்பளை சமாச்சாரமா?”

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். சற்று யோசித்து, “மூணு பேர் வர்றாங்க” என்றார்.

அவள் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். எதிரே எழுத்துப் பலகை. முதல் வரியில் இருந்த தேங்காய்ப் பருமன் எழுத்துகூட அவளுக்குத் தெரியவில்லை.

“மச்சான், பாதிப் பணம் நான் போடுறேன். போன மானம் திரும்ப வராது” என்று மைத்துனன் கெஞ்சினான்.

“மானம் ஏன் போகுது மாப்பிள்ளை? ஏறும்.”

“அப்பா சொல்றதுதான் சரி. புகார் கொடுத்தாச்சு. கொடுக்கக் கொடுக்கத்தான் இவனுங்க வளருவானுங்க. கொடுத்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாத்துவானுங்கன்னு என்ன நிச்சயம்? உள்ளே என்ன இருக்கோ எனக்குத் தெரியாது மாமா. ஆனா தன் மானத்தையே பணயம் வெச்சு நிக்கிறார் பாருங்க” என்றாள் மகள்.

செய்தி தெருவுக்குப் போனது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “என் கம்ப்யூட்டரைப் பூட்டினப்போ நான் வாயைப் பொத்திக்கிட்டுக் கட்டிட்டேங்க. உங்களுக்கு இருக்கிறது நெஞ்சு இல்லை, பாறை.”

அந்த நெஞ்சு மேலும் விரிந்ததில் சட்டைப் பொத்தான் தெறித்து, எதிர்ச் சுவரில் பட்டு, வாசலைத் தாண்டி ஓடியது. நம்பாதவர்கள் போய்த் தேடலாம், இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

“ஏம்ப்பா, அந்த மெயில்ல அப்படி என்னதான் போட்டிருந்தான், உடனே திறந்துட்டீங்க?” என்றாள் மகள்.

“ஒரு நல்ல சேதி” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

பன்னிரண்டு நெருங்கியது. அவர் எழுந்து முகம் கழுவி, கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டார். தூக்குமேடைக்குப் போகும் வீரனும் இப்படித்தான் வாரிக்கொள்வான் என்று மைத்துனன் கண்ணைத் துடைத்தான்.

மணி அடித்தது. திரையில் புதிய செய்தி ஒன்று வந்து விழுந்தது. மகள் உரக்கப் படித்தாள்.

“‘பணம் வேண்டாம். உங்கள் கோப்புகளை வெளியிடும் எண்ணத்தையும் கைவிட்டோம்.’ அப்பா, ஜெயிச்சுட்டீங்கப்பா.”

மருந்துக்கடைக்காரர் கைதட்டினார். மைத்துனன் மச்சானைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கட்டிக்கொண்டான். மனைவிக்கு எழுத்துப் பலகையின் கடைசி வரிகூடப் பளிச்சென்று தெரிந்தது. கடைக்காரர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

“ஏனாம்? காரணம் ஏதாவது எழுதியிருக்கானாம்மா?”

மகள் கீழே தள்ளிப் பார்த்தாள்.

“‘“சொந்தம்” போல்டரில் இருந்த உங்கள் ஆயிரம் பக்க நாவலை முழுவதும் படித்துப் பார்த்தோம். வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்.’”

எத்தனையோ பதிப்பகங்கள் எழுதிய அதே வரி. காலையில் ‘உங்கள் நாவலை ஏற்றுக்கொண்டோம்’ என்று மெயில் அனுப்பியவனும் அவனேதான். கடைக்காரருக்குத் தலை தொங்கியது. பிறகு சட்டென்று நிமிர்ந்து மீசையை முறுக்கினார்.

“முழுசும் படிச்சோம்னா போட்டிருக்கான்? இத்தனை வருஷத்துல அவன்தாம்மா முதல் ஆளு.”