பதினாறாம் வாய்ப்பாடு

அப்பாவின் தலை சாய்ந்ததும் நாற்காலிக் காலை எட்டி உதைத்தேன். திடுக்கிட்டு விழித்தார்.

"பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்க," என்றேன்.

மறுபேச்சில்லாமல் ஒப்பித்தார். ஆயுள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்த மனிதர், ஒரு பிழை இல்லை. ஏன் இந்த வாய்ப்பாடு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

குடியை விட்டதும் தூக்கமும் அவரை விட்டுப் போய்விட்டது. தூங்காத மனிதர் திரும்பவும் பாட்டிலைத் தேடுவார் என்று பயந்து இணையவழிச் சிகிச்சையில் சேர்த்துவிட்டேன். வாரம் ஒருமுறை மடிக்கணினியில் ஆலோசகர் வருவார். படுக்கும் நேரத்தை முதலில் ஐந்து மணி நேரமாகக் குறைக்கவேண்டும், பகலில் கண்ணயரவே கூடாது, தூக்கம் ஒழுங்குக்கு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்றார். அதுவரை வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே இருந்து கண்காணிக்க வேண்டுமாம்.

அந்தப் பொறுப்பை வேறு யாருக்காவது விட்டுக்கொடுப்பேனா?

என் சின்ன வயதில் அவர் குடித்துவிட்டு வந்தால் முதலில் எரிவது என் அறை விளக்குதான். தூங்கிக்கொண்டிருப்பவளை எழுப்பி, கைகட்டி நிற்கவைத்து, இதே வாய்ப்பாட்டைக் கேட்பார். ஏழு பதினாறில் தடுமாறுவேன். நூற்றிரண்டு என்பேன். நறுக்கென்று குட்டு விழும். மறுபடி ஒன்றிலிருந்து.

அந்த நூற்றிரண்டை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அவ்வளவு வெட்கம்.

காலையில் அம்மா சண்டைக்குப் போனால், ராத்திரி நடந்தது எதுவும் ஞாபகமில்லை என்று சத்தியம் செய்வார். போதையில் செய்தது, அவருக்கே தெரியாது, விட்டுவிடு என்று அம்மா என் தலையைத் தடவுவாள். அதை நம்பித்தான் அம்மா போனபிறகு அவரை என் வீட்டில் வைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் படுத்ததும் தூங்கிவிடுகிறார். குறட்டை என் அறைவரை கேட்கிறது.

இன்று ஆலோசகர் திரையில் வந்து, தூக்கம் எப்படி, நேரத்தைக் கூட்டிவிடலாமா என்று கேட்டார். இன்னும் புரண்டு புரண்டுதான் படுக்கிறார் என்று கூசாமல் சொன்னேன். வயிறு குளிர்ந்தது.

அவர் அப்பாவிடமும் கேட்டார். குட்டு வெளிப்பட்டது என்று நினைத்தேன்.

"பொண்ணு சொல்றது சரிதாம்மா," என்றார் அப்பா. "இப்படியே இருக்கட்டும்."

மடிக்கணினியை மூடினேன். அப்பா எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, நான் கேட்காமலே வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். ஐந்து பதினாறு எண்பது. ஆறு பதினாறு தொண்ணூற்றாறு.

"ஏழு பதினாறு நூத்திரெண்டு," என்றார். சொல்லிவிட்டு, என் கைக்கு எட்டும்படி தலையைத் தாழ்த்தினார்.

எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஞாபகம் இருந்திருக்கிறது.

நான் குட்டவில்லை.

"மறுபடி ஒண்ணுலேருந்து," என்றேன்.