மூன்று முறை விழுந்தவன்

1897 செப்டம்பர் 14, லண்டனை அடுத்த வுல்விச் ராணுவத் திடல். குதிரை அசையாமல் நின்றது. அதன் மேலிருந்து கில்பர்ட் ஸ்டாண்டிஷ் விழுந்தான்.

வேலியோரம் நின்ற தேர்வர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு இன்னும் முறை வரவில்லை, அதனால் சிரிக்கவில்லை.

இந்திய சிவில் சர்வீஸ் எழுத்துத் தேர்வில் தேறி, ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வருடப் பயிற்சியும் முடித்தவர்கள் அவர்கள். மிச்சமிருந்தது இந்தக் குதிரைச் சவாரி ஒன்றுதான். மூன்று முறை விழுந்தவனின் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது.

"என்னடா இது, நிக்கிற குதிரைலேருந்து விழற?" என்றான் அம்ப்ரோஸ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

அம்ப்ரோஸ், போல்ட்டன் என்ற ஊரின் பள்ளி ஆசிரியருடைய மகன். பால் வண்டியில் பூட்டிய குதிரையைத்தான் நெருக்கத்தில் பார்த்திருக்கிறான். சற்று முன்பு அவனும் விழுந்தான். குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு திடலின் மறுகோடிக்கு ஓட, இரண்டு சிப்பாய்கள் துரத்திப் பிடித்து வந்தார்கள். மறுபடி ஏறி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டே ஒரு சுற்று முடித்துவிட்டான். பாஸ்.

"கழுத்தைக் கட்டிக்கோ, கண்ணை மூடிக்கோ. மத்ததை அது பாத்துக்கும்" என்று இப்போது யோசனை வேறு சொன்னான்.

கில்பர்ட் முகத்தைத் தொங்கப் போட்டபடி தலையாட்டினான். ஒன்று முடிந்தது, இன்னும் இரண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

அவன் விழுவதற்கென்றே வந்திருந்தான். ஆக்ஸ்ஃபோர்டில், புத்தகங்களைத் தைத்து அட்டை போடும் கடையில் ஹெஸ்தர் இருந்தாள். கடையையும் கண் தெரியாத தகப்பனாரையும் விட்டு அவள் கடல் தாண்டுவதாக இல்லை. அவளை விட்டு அவனும் தாண்டுவதாக இல்லை.

கில்பர்ட்டின் அப்பா திருச்சினாப்பள்ளியில் கலெக்டர். வேலை வேண்டாம் என்று மகன் எழுதினால் அன்றோடு உறவு முடிந்தது. தோற்றுவிட்டான் என்றால் பத்து நாள் வருத்தப்படுவார், பிறகு விட்டுவிடுவார்.

மகனை ஏழு வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியவர் அவர். விடுப்பில் வந்தபோதெல்லாம் லண்டன் ஓட்டலில் வைத்துத்தான் அவனைப் பார்த்தார். லெஸ்டர்ஷயரில், நரி வேட்டைக்குப் போகும் மாமா வீட்டில் அவன் என்னவாக வளர்ந்தான் என்பது அவருக்குத் தெரியாது. பத்து வயதில் அவன் குதிரையோடு வேலி தாண்டிய கதை மெட்ராஸ் மாகாணம் வரை போய்ச் சேரவில்லை.

திட்டத்தைக் கேட்ட ஹெஸ்தர் ஒரே ஒரு எச்சரிக்கைதான் செய்தாள்.

"விழறப்ப சிரிச்சிடாதீங்க. உங்க மூஞ்சி எதையும் மறைக்காது."

இரண்டாவது சுற்றில் கில்பர்ட் சிரிக்கவில்லை. குதிரை துள்ளு நடையில் திருப்பத்துக்கு வந்தபோது அங்கியிலிருந்து பொத்தான் கழல்வது போலச் சேணத்திலிருந்து கழன்றான். தோள் தரையில் பட, ஒரு உருளல் உருண்டு, குதிரையின் பக்கத்திலேயே எழுந்து நின்றான். தப்பி ஓடும் குதிரையைப் பிடிக்க நிறுத்தியிருந்த சிப்பாய்கள் இருவரும் வேலையில்லாமல் கொட்டாவி விட்டார்கள்.

தேர்வாளர் மேஜர் லாட்டிமர் குதிரைப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலை முதல் அவர் அதிகம் பேசவில்லை. அடிபட்டதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் மீசையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டார். தாழ்வான தடுப்புக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்.

அம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டான். சவ ஊர்வலம் போனால் செய்கிற மரியாதை அது.

குதிரை தடுப்பைத் தாண்டியது. கில்பர்ட்டும் தாண்டினான், வேறு பக்கமாக. இந்த முறை சேற்றில் முகம் குப்புற விழுந்து வாயெல்லாம் மண். தன் வேலைகளிலேயே இதுதான் சிறந்தது என்று அவனுக்கே தோன்றியது.

எழுந்து, மூச்சிரைக்கும் குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தான். மேஜர் கைத்தடியை ஊன்றியபடி புல்வெளியைக் கடந்து வருவது தெரிந்தது. சாயங்கால ரயிலைப் பிடித்தால் கடை பூட்டுவதற்குள் ஆக்ஸ்ஃபோர்டு போய்விடலாம். அந்த நினைப்பை முகத்துக்கு வராமல் விழுங்கினான்.

"மன்னிக்கணும் சார், எனக்கு இது வரல" என்றான்.

மேஜர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைத்தடியின் நுனியால் அவனுடைய இடது கையை மெதுவாகத் தொட்டார். கில்பர்ட்டும் குனிந்து பார்த்தான். கடிவாள வாரை அது இறுகப் பிடித்தபடியே இருந்தது.

"புதுசா ஏறினவன் விழறப்ப மொதல்ல விடறது இதைத்தான், தம்பி" என்றார் மேஜர். "நீங்க மூணு தடவை விழுந்தும் விடல. வேட்டைக் குதிரையில வளர்ந்தவனுக்குத்தான் இந்தப் பழக்கம் வரும்."

அவர் தாளில் ஏதோ எழுதி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பம்பாய் கப்பல் அடுத்த மாசம் எட்டாம் தேதி."